எப்பம் தொடங்கிச்சு அத்தே?

ஆற்றுகால் பொங்காலை அன்று திருவனந்தபுரத்தில் கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கும் யாரும் லீவு கேட்பதில்லை. கிழக்கேகோட்டை, தம்பானூர், கிள்ளிப்பாலம் என்று எந்த ரோட்டில் நின்று பார்த்தாலும் வரிசையாகச் செங்கல் அடுப்புதான். லட்சக்கணக்கில் பெண்கள். கும்ப மாத வெயில், கண்ணைக் கரிக்கும் புகை, விரதம் இருக்கும் வெறும் வயிறு. காலையிலிருந்தே மயக்கம், தீப்புண், மூச்சுத்திணறல் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பொங்காலை டூட்டி எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் போன வருடம் ஆம்புலன்ஸிலிருந்து வீல்சேரில் இறங்கியது என் அத்தை.

அப்பாவின் அக்கா. ஊர் இரணியல். வயது 61. பொங்காலைக்கு ஒரு வாரத்துக்கும் முன்பே ரயிலேறி வந்து என் வீட்டில் தங்கி, ஒன்பது நாள் விரதத்தை இங்கேதான் முடித்தார். அன்று விடிகாலை பக்கத்து வீட்டுச் சேச்சியோடு போய் கிள்ளிப்பாலம் பக்கம் இடம் பிடித்து அடுப்புக் கூட்டியிருக்கிறார். கோயிலில் பண்டார அடுப்பு பற்றவைத்து, அந்தத் தீ அடுப்பு அடுப்பாகக் கைமாறி அத்தையின் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. அரிசி கொதிப்பதற்குள் அவரால் உட்கார முடியவில்லை. தொண்டர்கள் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

"நெஞ்சுக்குள்ள ஒரு வெப்ராளம் மக்ளே. வேற ஒண்ணுமில்ல. கேஸாக்கும்."

வெப்ராளம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சில் இருக்கும் சொல், இங்கே மலையாளத்திலும் அதேதான். பதற்றம், தவிப்பு, நிலைகொள்ளாமை எல்லாம் சேர்ந்த ஒன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று டாக்டர்கள் சொல்வதை, ஏஎஃப் என்று நாங்கள் சுருக்கிச் சொல்வதை, இவ்வளவு சரியாகச் சொல்லும் வேறொரு வார்த்தை எனக்குத் தெரியாது. இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் தாறுமாறாக ஓட, நடுங்கிக்கொண்டே இருக்கும். அத்தனையும் கீழே இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. நல்லவேளையாக நடுவில் ஒரு காவல்காரன் இருக்கிறான்: ஏவி கணு. அவன் தடுத்தது போக மீதி மட்டும் கீழ் அறைகளுக்குப் போகும். அந்த மீதியே நிமிடத்துக்கு 120, 150 என்று இருக்கும், அதுவும் ஒரு தாளத்துக்கும் அடங்காமல்.

அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த உடனே தெரிந்துவிட்டது. இரண்டு அடி சேர்ந்தாற்போல், பிறகு ஓர் இடைவெளி, ஒரு மெல்லிய அடி, திடீரென்று மூன்று. எங்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. ஒருத்தி நெஞ்சில் ஸ்டெத் வைத்து எண்ணுவாள், இன்னொருத்தி அதே நிமிடம் கையில் நாடியை எண்ணுவாள். முழுசாக ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தபடி. அத்தைக்கு நெஞ்சில் 152. கையில் எண்ணிய என் கணக்கு 116. முப்பத்தாறு அடிகள் கைக்கு வந்து சேரவே இல்லை. இதயம் நிறைவதற்கு முன்பே சுருங்கினால் வெளியே தள்ள ரத்தம் இருக்காது. வீட்டில் டிஜிட்டல் பிபி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாதிரி நாடிக்கு அந்த மெஷின் காட்டும் எண் ஆளுக்கொன்று, நேரத்துக்கொன்று. ஒருமுறை பார்த்து நம்பாதீர்கள்.

ஈசிஜி பேப்பர் வெளியே வந்தது. ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் இருக்கவேண்டிய அந்தச் சின்ன மேடு, பி அலை, எங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக அடிக்கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. கூர்முனைகளுக்கு நடுவில் எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல் இல்லை. பிபி 114க்கு 76. ஆக்ஸிஜன் அளவு 92. முதுகில் ஸ்டெத் வைத்தால் அடிப்பக்கம் நீர் கோத்த சத்தம்.

டூட்டி டாக்டர் குனிந்து கேட்டார்: "எப்போழா தொடங்கியது அம்மே?"

"இப்பம்தான் டாக்டரே. அடுப்பு பத்தினதுக்கு அப்புறம்."

ஏஎஃப்போடு கேஷுவாலிட்டிக்கு வருகிற யாரையும் கேட்கவேண்டிய கேள்விகளில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. எவ்வளவு வேகம் என்பதை மானிட்டர் சொல்லிவிடும். எப்போது தொடங்கியது என்பதை எந்த மெஷினும் சொல்லாது. மேல் அறை சுருங்காமல் நடுங்கினால் அங்கே ரத்தம் தேங்கும். இடது மேல் அறையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பை தொங்குகிறது. தேங்குவதெல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான். ஓடாத தண்ணீர் பாசி பிடிக்கும், ஓடாத ரத்தம் உறையும். அந்த நிலையில் ஷாக் கொடுத்தோ மருந்து கொடுத்தோ இதயத்தைச் சட்டென்று பழைய தாளத்துக்குக் கொண்டுவந்தால், இத்தனை நேரம் சும்மா கிடந்த மேல் அறை மறுபடி பிழிய ஆரம்பிக்கும். உள்ளே உறைகட்டி இருந்தால் அது கிளம்பி நேராக மூளைக்குப் போகலாம். அதனால்தான் 48 மணி நேரம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியிருந்தால், அல்லது எப்போது என்று தெரியாவிட்டால், ரத்தம் உறையாமலிருக்க மூன்று வாரம் மருந்து கொடுத்துவிட்டுத்தான் தாளத்தை மாற்றப் போகவேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவியை இறக்கி, அந்தப் பையில் உறைகட்டி இல்லை என்று கண்ணால் பார்க்கவேண்டும். ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்கள் 2024இல் அந்தக் கோட்டை 24 மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்பம்தான் என்று அத்தை சொன்னதும் என் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அது இப்பம்தான் இல்லை. நாலு நாளைக்கு முன்பு மாடியில் துணி காயப்போடப் போனவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "முடியல்ல மக்ளே, கேஸு" என்றார். ஜீரகம் போட்டுக் கொதிக்கவைத்து வெந்நீர் கொடுத்தது நான்தான். நைட் டூட்டி முடித்து வந்த அசதி எனக்கு. கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆயிரம் பேருக்கு நாடி பார்த்த கை, வீட்டில் ஒருத்தருக்குப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன்: அத்தைக்கு மைட்ரல் வால்வு சுருக்கம். பன்னிரண்டு வயதில் முட்டி முட்டியாக வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். தொண்டையில் வந்த ஒரு கிருமி கடைசியில் இதயத்தில் போய் வேலையைக் காட்டிய கதை, ருமாட்டிக் காய்ச்சல். முப்பதுகளில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். அன்றிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க, அசிட்ரோம் சாப்பிடுகிறார்.

"அசிட்ரோம் ஒழுங்கா எடுக்கிறாங்களா?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விரதத்துல எப்படி மக்ளே? வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாதுல்லா."

எட்டு நாள். ரத்தத்தை அனுப்பி, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பார்த்தோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கவேண்டியது 1.1. மருந்தே எடுக்காத மனுஷருக்கு இருக்கும் அளவு.

அன்று செய்தது இதுதான். ஷாக் கொடுக்கவில்லை: பிபி நன்றாக இருந்தது, நினைவு தெளிவாக இருந்தது, நெஞ்சுவலி இல்லை. படுக்கை ஓரத்திலேயே எக்கோ வைத்துப் பார்த்து, கீழ் அறையின் பலம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு மெட்டோப்ரோலால் ஊசி. இதயத்தின் பம்ப் செய்யும் சக்தியே குறைந்து மூச்சு முட்டி வருபவருக்கு அவசரப்பட்டு இதைப் போட்டால் ஆளை இன்னும் கீழே தள்ளிவிடும், அதனால் அந்த எக்கோ முக்கியம். 5 மில்லிகிராம். போட்டது நான். ஒரே தள்ளாகத் தள்ளக்கூடாத மருந்து. பெருவிரலைச் சிரிஞ்சின் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக. 152 என்றிருந்தது 140. பிபி பார்த்தோம். காத்திருந்து இன்னொரு டோஸ். 121. நுரையீரலில் நீர் வடிய லாசிக்ஸ். மூக்கில் ஆக்ஸிஜன். உறையாமலிருக்க ஹெப்பரின். சாயங்காலம் ஆறு மணிக்கு 94. தாளம் அப்போதும் ஏஎஃப்தான். அதை யாரும் மாற்ற முயலவில்லை.

வேகம் குறைந்ததும் ஏன் மூச்சு லேசானது என்று அத்தைக்கு நான் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்கிறேன். கோயில் நடை குறுகலாக இருக்கிறது, வெளியே கூட்டம். கதவை ஒரு நொடிக்கு ஒருமுறை மூடி மூடித் திறந்தால் நாலு பேர்தான் உள்ளே போக முடியும், மீதிக் கூட்டம் பின்னால் நெருக்கும். சற்று நேரம் திறந்து வைத்தால் அதே குறுகல் வழியில் எல்லோரும் போய்விடுவார்கள். சுருங்கிய வால்வும் அப்படித்தான். பின்னால் நெருக்குகிற கூட்டம்தான் நுரையீரலில் கோத்த நீர்.

எல்லோருக்கும் இதே வைத்தியம் கிடையாது. விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து ஐம்பது வயது தாண்டிய ஒருவரை ஓர் இரவு கொண்டுவந்தார்கள். பிபி 70க்கு 40. உடம்பு ஜில்லென்று வேர்த்து, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத நிலை. நாடி 180க்கு மேல், அதே ஏஎஃப். அங்கே மணிக்கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். லேசாக மயக்க மருந்து கொடுத்து, பேடு ஒட்டி, 200 ஜூல். இதில் என் வேலை ஒன்றே ஒன்று, அதைச் சத்தமாகச் செய்வேன்: "சிங்க் அமுக்கியாச்சா?" அந்தப் பட்டனை அமுக்கினால் ஒவ்வொரு கூர்முனைக்கு மேலேயும் ஒரு சின்னக் குறி விழும், மெஷின் அந்த நொடி பார்த்து ஷாக்கைக் கொடுக்கும். அமுக்க மறந்து, தவறான நொடியில் ஷாக் விழுந்தால், இதயம் மொத்தமாகத் துடிப்பிழந்து போகலாம். பல மெஷின்களில் ஒரு ஷாக் கொடுத்ததும் சிங்க் தானாக அணைந்துவிடும், இரண்டாவதுக்கு மறுபடி அமுக்கவேண்டும். அவருக்கு ஒன்றே போதுமாக இருந்தது. கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார். ஷாக்குக்குப் பிறகும் குறைந்தது நாலு வாரம் ரத்தம் உறையாத மருந்து உண்டு. தாளம் திரும்பினாலும் மேல் அறை முழு பலத்தோடு சுருங்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

நிமோனியா காய்ச்சலோடு வரும் எண்பது வயதுப் பாட்டிக்கு நாடி 140 ஏஎஃப் என்றால், அங்கே வைத்தியம் காய்ச்சலுக்குத்தான். தைராய்டு கூடியிருக்கலாம், பொட்டாசியம் குறைந்திருக்கலாம், ஓணத்துக்கு நாலு நாள் தொடர்ந்து குடித்திருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு வேகத்தோடு மல்லுக்கட்டினால் பிபிதான் விழும். வேறு நோயில்லாத, அன்றைக்குத்தான் தொடங்கிய, நிலையாக இருக்கிற ஆளுக்கு அவசரமே இல்லை. நெதர்லாந்தில் 437 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வேகத்தை மட்டும் குறைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களில் 69 சதவீதம் பேருக்கு 48 மணி நேரத்துக்குள் தாளம் தானாகவே திரும்பிவிட்டது. ஷாக் கொடுங்கள் என்று பைஸ்டாண்டர்கள் அவசரப்படுத்தும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வேன். (நோயாளியோடு துணைக்கு இருப்பவரை இங்கே பைஸ்டாண்டர் என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் எனக்கு அந்தச் சொல் ஒரு மாதிரியாக இருந்தது.)

ஆனால் தானாகச் சரியாகிறதே, அங்கேதான் எனக்குப் பயம்.

மூன்று வருடம் முன்பு ஒருவர் வந்தார். 68 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. காலையில் எழுந்தபோது வலது கை விழுந்துகிடந்தது, பேச்சில்லை. சட்டைப் பையில் மடித்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. பத்தொன்பது நாளைக்கு முன்பு நெஞ்சிடிப்பு என்று வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். ஏஎஃப். விடிவதற்குள் தானாகச் சரியாகிவிட்டது. வேகத்துக்கு ஒரு மாத்திரை, ஆஸ்பிரின் ஒன்று, அவ்வளவுதான் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஏஎஃப் வந்தவருக்குப் பக்கவாத ஆபத்தை அளக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு: 65 தாண்டிய வயதுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. விரல் விட்டு எண்ணக்கூடிய கணக்கு. மூன்று மதிப்பெண் வாங்கியவருக்கு ரத்தம் உறையாத மருந்து வேண்டும். ஆஸ்பிரின் அந்த வேலையைச் செய்யாது. தாளம் திரும்பிவிட்டது என்பதால் அந்தக் கணக்கு மாறாது.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அன்னைக்கு எல்லாம் செரியாயின்னு பறஞ்ஞதல்லே சிஸ்டரே?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கத்தில் எந்த நேரத்தில் கை விழுந்தது என்று யாருக்கும் தெரியாததால், உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கணக்கையும் போட முடியவில்லை. அங்கேயும் அதே கேள்வி: எப்போது தொடங்கியது?

ஏஎஃப் இருந்தால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. ருமாட்டிக் வால்வும் சேர்ந்துகொண்டால் பதினேழு மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1978இலேயே சொன்னது. அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்பவர்களுக்கு நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. 2005இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஆறு மாதம் நகரிலும் கிராமத்திலும் தேடி முதல் முறையாகப் பக்கவாதம் வந்த 541 பேரைப் பதிவு செய்தார்கள். 2016 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் கேரள இதய மருத்துவர்கள் 53 மருத்துவமனைகளில் ஏஎஃப் இருந்த 3421 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வால்வு கெட்டிருந்தது. மேல்நாட்டுப் புத்தகங்களில் ஓரமாக ஒரு பத்தியில் வரும் என் அத்தை மாதிரியான ஆட்கள், இங்கே எங்கள் வார்டில் தினமும் வருகிறார்கள்.

சென்னையில் இருக்கும் தம்பி போனில் கேட்டான்: "இப்ப ஐஎன்ஆரே பார்க்க வேண்டாத புது மாத்திரை வந்திருக்கே அக்கா, அதைக் கொடுக்கலாமே?" நியாயமான கேள்வி. வால்வு நன்றாக இருப்பவர்களுக்கு அந்தப் புது மாத்திரைகள் நல்லவை, நானே பலருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் 24 நாடுகளில் ருமாட்டிக் இதயநோயும் ஏஎஃப்பும் உள்ள நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வைத்து, அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றையும் அசிட்ரோம் மாதிரியான பழைய வகை மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்விக்டஸ் என்று பெயர், 2022இல் முடிவு வந்தது. பழைய வகை மருந்து எடுத்தவர்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது. ரத்தக்கசிவும் கூடவில்லை. அதனால் அத்தைக்கு அசிட்ரோம்தான்.

ஐஎன்ஆர் பார்க்க அத்தையோடு லேபில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவிடமிருந்து டிக், டிக் என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. அத்தை கைக்கடிகாரத்தைத் தேடினார். அது அந்த அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்த செயற்கை வால்வு, சித்ரா வால்வு. பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனைக்குள் ஸ்ரீ சித்ராவின் விஞ்ஞானிகள், டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் தலைமையில், மூன்று வடிவங்கள் செய்து தோற்று, நாலாவதில் ஜெயித்து, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு வைத்தது. இறக்குமதி வால்வை வாங்க வழியில்லாத எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். அந்த வால்வு வைத்தவர்களுக்கும் ஆயுசுக்கும் இதே அசிட்ரோம், இதே ஐஎன்ஆர். இரண்டு பெண்களும் அரைமணி நேரம் எந்தக் கீரை ஆகும், எது ஆகாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கீரையைப் பற்றி ஒன்று. நிறுத்தவே வேண்டாம். முருங்கைக்கீரை வாரத்துக்கு ஒரு நாள் என்றால் எல்லா வாரமும் ஒரு நாள். ஒரு வாரம் தினமும் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமலிருப்பதுதான் ஐஎன்ஆரை ஆட்டிவைக்கும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை, நாட்டு மருந்து, ஆயுர்வேதக் கஷாயம் எதுவானாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அத்தை வீட்டில் பூஜை அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3. ஒவ்வொரு தாளிலும் பேரன் பேனாவால் 2, 3 என்று எழுதி வைத்திருக்கிறான். சாயங்காலம் விளக்கேற்றியதும் மாத்திரையைப் போட்டுவிட்டு அந்தத் தாளின் ஓரத்தைக் கிள்ளிவிடுவார். கிள்ளாத தாள் இருந்தால் தப்பியது தெரிந்துவிடும். தப்பியதற்காக மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். நாடி பார்க்கவும் கற்றுக்கொடுத்தேன். நான் ஊருக்குப் போனால் முதலில் கையைத்தான் நீட்டுவார். இன்னும் ஏஎஃப்தான், 80க்கும் 90க்கும் நடுவில்.

இந்த வருடப் பொங்காலைக்கு வந்தபோது, விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் அத்தையே கேட்டார்: "ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு மாத்திரை போடலாம்லா? அது விரதத்தைக் கெடுக்காதுல்லா?" கெடுக்காது அத்தே என்றேன். ஒன்பது நாளும் போட்டார். தெரளி அப்பம் அவித்து எனக்கு டூட்டிக்குக் கொடுத்தனுப்பினார்.

நேற்று போன் செய்தார். "இந்த மாசம் ஒண்ணு ஏழு மக்ளே, கொறஞ்சு போச்சு. வீட்டு முருங்கை தழைச்சு நிக்கி, அதாக்கும்." டாக்டர் டோஸைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். காலண்டரில் வரும் நாட்களுக்கெல்லாம் பேரன் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தானாம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ரத்தம் கொடுக்கவேண்டும்.